தண்ணீர் நிறுத்திய சீனித்துளசி

பலராமனுக்குத் தெரியாத பயிர் என்று ஒன்று கிடையாது. அவர் கணக்கில்தான். கரிக்கலாம்பாக்கத்தில் சுற்றிலும் இருந்த கழனியெல்லாம் கல் நட்டு மனையாகிக் கொண்டிருந்த காலத்தில், பக்கத்து நிலத்துக்காரர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டு மாடி வீடு கட்டிக்கொண்ட பிறகும், இவர் ஒருத்தர் விடாப்பிடியாகக் கரும்பு போட்டுக்கொண்டிருந்தார். அதனால் சல்மா செடியைக் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணே, இத எப்பிடி வளக்கணும்னா" என்று ஆரம்பித்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. சோறு எப்படிச் சாப்பிடுவது என்று யாராவது சொல்லித் தந்தால் எப்படி இருக்கும்? அப்படித் தலையாட்டினார்.

சல்மா, வில்லியனூர் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் கமருதீனின் மனைவி. வீட்டு மாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் புதினா, கற்பூரவல்லி, எலுமிச்சைப் புல் எல்லாம் வைத்திருந்தாள். அதில் ஒரு வரிசை முழுக்கச் சீனித்துளசி. கமருதீனுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து அந்த வீட்டில் டீக்குச் சர்க்கரைக்குப் பதில் இந்த இனிப்பு இலை இரண்டுதான். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"மண்ணு எப்பவும் ஈரமா இருக்கணும்ணே. தண்ணி தேங்கவும் கூடாது, காயவும் கூடாது. மொட்டு வந்தா கிள்ளிடணும், பூ விட்டா எலையில ருசி போயிடும்."

"சரிம்மா, சரிம்மா" என்றார் பலராமன். காது கேட்டது. மனசு, பஸ்ஸில் செடி நசுங்காமல் எப்படிக் கொண்டுபோவது என்பதில் இருந்தது.

இந்தச் செடி தேவைப்பட்டதே தனக்கொடியின் கண்ணுக்காக. பலராமனின் மனைவி தனக்கொடிக்கு இரண்டு கண்ணிலும் புரை. தெருவில் வந்த கேபிள்காரனைத் தன் சொந்தத் தம்பி என்று நினைத்து உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, குடும்ப விஷயமெல்லாம் பேசி முடித்த பிறகுதான் அவளுக்கு ஆள் தெரிந்தது. அதைச் சொல்லி ஊரே சிரித்தது, அவளும் சிரித்தாள். பிறகு ஒரு நாள் கொதிக்கும் பால் பாத்திரத்தின் விளிம்பு தெரியாமல் மணிக்கட்டில் ஊற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து பலராமனுக்குச் சிரிப்பு வரவில்லை. டீ போடுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். சர்க்கரை இறங்கினால்தானே ஆபரேஷன்? இரண்டு முறை புதுச்சேரிக்குப் போய், இரண்டு முறையும் முன்னூறுக்கு மேல் காட்டி, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை அந்த டாக்டரம்மா நேராகவே சொல்லிவிட்டார்: "இந்தச் சர்க்கரையோட கண்ணுல கை வெச்சா புண்ணு ஆறாது. சும்மா தள்ளிக்கிட்டே போனா புரை முத்திடும். அப்புறம் ஆபரேஷன் பண்ணாலும் பார்வை முழுசா வரும்னு என்னால சொல்ல முடியாதுங்க. அடுத்த தடவை வரும்போது கொறச்சிக்கிட்டு வாங்க."

தனக்கொடி மாத்திரையை ஒழுங்காகத்தான் போடுவாள். சோற்றைக்கூடக் குறைத்துவிட்டாள். டீயில்தான் வந்தது வினை. கரும்புக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பாயசத்துக்குப் போடுகிற அளவு சர்க்கரை போட்டால்தான் அவளுக்கு அது டீ. அப்படி ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. "இனிப்பு இல்லாத டீய குடிக்கிறதுக்கு சுடுதண்ணிய குடிச்சிட்டுப் போலாம்" என்பாள். பூரணாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஜெயசுதா, வீட்டிலேயே சர்க்கரை பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். தினமும் விரலைக் குத்திக்கொள்ள என்னால் ஆகாது என்று தனக்கொடி அதைப் பெட்டிகூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட்டாள்.

தோட்டத்தில் முருங்கை மரத்து நிழல் பாதி, வெயில் பாதி விழுகிற இடமாகப் பார்த்து, எரு கலந்து, மண்ணைச் சலித்து, மேட்டுப் பாத்தி கட்டி, பலராமன் சீனித்துளசியை நட்டார். ஒரு பக்கம் புதினா, ஒரு பக்கம் தூதுவளை. சும்மா சொல்லக் கூடாது, செடி நன்றாகத்தான் பிடித்தது. இலை துளிர்த்துத் தழைத்து, கிள்ளக் கிள்ள வந்தது. பறித்துக் காயவைத்து, நொறுக்கி, ஒரு பாட்டிலில் போட்டு, டீ கொதிக்கும்போது ஒரு சிட்டிகை. முதல் டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பரீட்சை எழுதியவர் மாதிரி எதிரிலேயே நின்றார்.

தனக்கொடி உறிஞ்சினாள். மறுபடி உறிஞ்சினாள்.

"நல்லாத்தான்யா இருக்கு. சக்கர டப்பாவ எடுத்து மேல வெச்சிடு."

பலராமனுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்போதே போய் டப்பாவைப் பரணில் போட்டார். இறங்கி வரும்போது அவள் இன்னொன்று சொன்னாள்.

"கடைசில மட்டும் நாக்குல லேசா கசக்குது."

அவள் சொல்லிவிட்டு மறந்துவிட்டாள். இவருக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வாழ்நாள் முழுக்க இனிப்பை விளைய வைத்தவன் வீட்டுச் செடி கசப்பதா? சல்மாவின் செடியில் என்ன குறை இருந்தால் என்ன, இது தன் மண்ணில் வளர்ந்த செடி. யோசித்தார். யோசிக்கவே தேவையில்லாத விடை ஒன்று அவரிடம் தயாராக இருந்தது.

கரும்பு வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். வயல் காய்ந்தால் கரும்பில் இருக்கிற நீர் வற்றும், இனிப்பு ஏறும். வெட்டுகிற நாள் வரை தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் சாறு சப்பென்று இருக்கும். இது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே வேலையைச் சீனித்துளசிக்கும் செய்தால்?

நிறுத்திவிட்டார். பங்குனி வெயில் வேறு.

அதோடு விட்டாரா? வில்லியனூருக்குப் போனவர் கமருதீன் கடையில் நின்று, "பாய், கொஞ்ச நாளு போவட்டும். எங்க வூட்டு எலையில ஒண்ண வாயில போட்டுப் பாரு, தேன் தோத்துப் போவும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"இத சல்மாகிட்ட சொல்லிடாதீங்கண்ணே. சண்டைக்கு வந்துடுவா" என்றார் கமருதீன்.

செடி முதலில் தலை தொங்கியது. இனிப்பு ஏறுகிறது என்றார் பலராமன். இலை சுருண்டது. ஒன்றைப் பறித்து மென்று பார்த்தார். முன்னைவிட இனிப்பாக இருப்பதாகவே பட்டது. பட வேண்டும் என்று நினைத்தால் படாமல் போகுமா? அப்புறம் இலை பழுப்பாகி, தொட்டால் உதிர ஆரம்பித்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கரும்பு வருஷம் முழுக்க வேரை ஆழமாக விட்டு நிற்கிற பயிர். இது மண்ணுக்கு மேலோடு வேர் விட்டு நிற்கிற மெலிசான செடி. அந்த வித்தியாசம் தெரியாதவரா அவர்? தெரியும். அன்றைக்கு என்னவோ ஞாபகம் வரவில்லை.

பதறிப்போய் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். காய்ந்து பாதி செத்திருந்த வேர், அந்த வெள்ளத்தில் அழுகி மீதியும் செத்தது. ஒரு தண்டைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. பாத்திக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார் மனிதர்.

தனக்கொடிக்குக் கண் தெரியாதது அந்த நேரத்தில் அவருக்கு உதவியாக இருந்தது. இப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே தன்னைத் திட்டிக்கொண்டார். ஆனாலும் சொல்லவில்லை. "செடி எப்பிடிய்யா இருக்கு?" என்று அவள் கேட்டபோது, "ஜோரா இருக்கு" என்றார்.

பாட்டிலில் இருந்த தூள் தீர்ந்துகொண்டே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் துணிந்து வில்லியனூர் போனார், சல்மாவிடம் இலை கேட்டுவிடலாம் என்று. கல்லாவில் அன்றைக்குச் சல்மாவே உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணே. செடி எப்பிடி இருக்கு? தேன் தோத்துப் போவும்னீங்களாமே?"

போட்டுக் கொடுத்துவிட்டார் பாய். பலராமன், "சோப்பு ஒண்ணு குடும்மா" என்றார். வீட்டில் சோப்பு இருந்தது. வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

தூள் தீர்ந்த அன்று காலை, அடுப்பின் முன்னால் வெகு நேரம் நின்றார். இனிப்பில்லாமல் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வாய் குடிப்பாள், முகத்தைச் சுளிப்பாள், சர்க்கரை டப்பாவை இறக்கு என்பாள். டப்பா இறங்கினால் பழைய கதைதான், கைநிறையத்தான் போடுவாள். இதுவரை அவள் கட்டுப்பாடாக இருந்ததெல்லாம் வீண். அதைவிட, தானே கொஞ்சமாக ஏதாவது போட்டுவிட்டால்? வெள்ளைச் சர்க்கரை வேண்டாம், நாட்டுச் சர்க்கரை இருக்கிறது. அரைக் கரண்டி. அரைக் கரண்டி என்ன பண்ணிவிடும்?

தப்பு செய்கிறவன் மனசுக்குள் இருக்கிற வக்கீல் ரொம்பக் கெட்டிக்காரன். பலராமனுடைய வக்கீல் அன்றைக்கு வழக்கில் ஜெயித்தான்.

தனக்கொடியின் டம்ளரில் மட்டும் நாட்டுச் சர்க்கரையைக் கலக்கி, கொண்டுபோய் நீட்டினார். கை லேசாக நடுங்கியது. அவள் ஒரு வாய் உறிஞ்சினாள்.

"இன்னிக்கி கசப்பே இல்லியேய்யா."

"ஆங்" என்றார் பலராமன்.

"எலையில எதுனா வித்தியாசம் பண்ணியா?"

"இல்லியே. அதே எலதான்."

"அப்பிடியா" என்று சொல்லிவிட்டு, காற்றாடக் குடிக்கிறேன் என்று அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவித் தோட்டத்துப் பக்கம் போனாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் கலக்கிக் கொடுப்பார், அவள் ஒரு வாய் குடித்து நன்றாயிருக்கிறது என்பாள், எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவாள்.  ஒவ்வொரு தடவையும் இன்றோடு சொல்லிவிடலாம் என்று பலராமன் நினைப்பார். நாளைக்குச் சொல்லலாம் என்று தூங்கப் போவார். சோறு இறங்கவில்லை. தட்டில் பாதி மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். "வெயிலு" என்று காரணம் சொன்னார்.

ஆஸ்பத்திரி நாள் வந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் தனக்கொடியை உட்கார வைத்து, பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். அவள் தெம்பாகத்தான் இருந்தாள். இவர்தான் வேண்டாத தெய்வமெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தார். முன்னூறு வந்தால் என்ன சொல்வது? யாரால் வந்தது என்று டாக்டரம்மா கேட்பாரே? முத்திப்போன புரையை இனி யார் சரிசெய்வது? காலம் முழுக்க இவள் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கப் போகிறாள், அதுவும் தன்னால். 

வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு தடவை கொடுத்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் கல்பனா சீட்டோடு வந்து டாக்டரம்மாவின் அறைக்குக் கூப்பிட்டுப் போனாள்.

"தனக்கொடியம்மா, சூப்பர்மா. வெறும் வயித்துல நூத்திப் பத்து. சாப்பிட்ட பின்னாடி நூத்தி அறுவது. எப்பிடிக் கொறச்சீங்க?"

தனக்கொடி சிரித்தாள். டாக்டரம்மாவும் சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையசைத்தார். "குட். வர்ற புதன்கிழமை வலது கண்ணு பண்ணிடலாம்."

அந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்திருப்பார்கள். பலராமனுக்கும் அதுதான் ஆசை. தேதி கொடுத்துவிட்டார்கள், யாருக்கும் எதுவும் தெரியாது, தப்பித்தாயிற்று. ஆனால் நாட்டுச் சர்க்கரையைக் கலக்கிக் கலக்கிக் கொடுத்தவர் அவர். இந்த எண் எப்படி உண்மையாக இருக்கும்? மெஷின் தப்பாகத்தான் காட்டியிருக்க வேண்டும். இதை நம்பிப் புதன்கிழமை கண்ணைக் கீறினால்? புண் ஆறாது என்று இதே அம்மாதானே சொன்னார்?

"இல்லம்மா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "அது தப்புமா. ஒங்க மெஷினு தப்பா காட்டுது. திரும்ப ஒருவாட்டி பாருங்க."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"சக்கர கொறய வாய்ப்பே இல்லம்மா. சீனித்துளசி போட்டுக்கினு இருந்தேன். செடி செத்துப் போச்சி. நான்தான் சாவடிச்சேன், கரும்புக்கு நிறுத்துற மாதிரி தண்ணிய நிறுத்தி. இவகிட்ட சொல்லல. எல தீந்ததும் டீயில நாட்டுச் சக்கர போட்டுக் குடுத்துட்டேன். தெனமும். அஞ்சாறு டம்ளரு." கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "நம்பி ஆப்பரேசன் பண்ணிடாதீங்கம்மா. திட்டறதுன்னா என்ன திட்டுங்க."

 மனைவியின் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. தனக்கொடிதான் பேசினாள், டாக்டரைப் பார்த்து, மிக நிதானமாக.

"மெஷினு சரியாத்தான் காட்டுதும்மா. அவரு போட்டாரு. நான் குடிச்சாத்தான?"

பலராமன் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு வாய் வெச்சதுமே தெரிஞ்சி போச்சி. கரும்பு வூட்ல இத்தினி வருசம் இருந்துட்டு நாட்டுச் சக்கர வாசன எனக்குத் தெரியாதா? தோட்டத்துக்கு எடுத்துக்கினு போயி வாழைக்கு ஊத்திட்டேன். அப்பிடியே செடிகிட்டயும் போயி தடவிப் பாத்தேன். குச்சிதான் கையில கெடச்சிது." அவள் நர்ஸின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அவரு கழனிக்குப் போனதும் பாத்திரத்துல மிச்சம் இருக்குற டீய ஊத்திக் குடிச்சிப்பேன். அதுல அவரு எதுவும் போடல. மொத ரெண்டு நாளு வாயில வெக்க முடியல. அப்புறம் பழகிப் போச்சி."

கல்பனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இருந்தாலும் ஐயா திருப்திக்கு இன்னொரு தடவை பார்த்துவிடு என்றார். விரலைக் குத்தி அங்கேயே பார்த்தார்கள். குறைவாகவே இருந்தது.

பலராமன் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். மார்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. மூச்சு முழுசாக உள்ளே போய் எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. பசித்தது. ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் உரக்கச் சிரிக்க வேண்டும் போலிருந்தது, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. "ரெண்டு டீ. ஒண்ணு சக்கர இல்லாம" என்று தனக்கொடியே சொன்னாள். வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டுப் பலராமன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன்டி, எல்லாம் தெரிஞ்சும் வாயத் தொறக்கலியே நீ. செடி செத்துப்போச்சின்னு தெரியும், சக்கர போடறன்னு தெரியும். ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் அன்னிக்கே சொல்லியிருப்பனே. சோறு தண்ணி இல்லாம செத்துப் பொழச்சிருக்கேன்."

"கேட்டனே. எலையில வித்தியாசம் பண்ணியான்னு கேட்டேன். அதே எலதான்னுட்ட."

பலராமன் கடைக்காரரிடம் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

தனக்கொடி டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"டம்ளர நீட்டும்போது ஒன் கை நடுங்கும். கண்ணுதான் தெரியல எனக்கு, அது தெரியாதா? மழ இல்லாட்டி பயந்திருக்க. கரும்பு வெட்ட மில்லுலேந்து கட்டிங் ஆடரு வரலன்னா பயந்திருக்க. மாட்டுக்கு ஒடம்புக்கு வந்தா ராவெல்லாம் முழிச்சிருக்க. கல்யாணம் ஆயி இத்தினி வருசத்துல எனக்காவ நீ பயந்து நான் பாத்ததில்லய்யா. பொறவு பாக்கக் கெடைக்குமோ என்னமோன்னு கொஞ்ச நாளு சொம்மா இருந்துட்டேன்."

பலராமன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். டீ ஆறிப்போயிற்று. கரிக்கலாம்பாக்கம் பஸ் திரும்பி வருவது தெரிந்தது. அவளுக்குத் தெரியாது என்பதால் அவர்தான் சொன்னார், வண்டி வந்துவிட்டது என்று. சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பயந்தத பாத்தாச்சில்ல? இப்ப போதுமா?"

"புதன்கெழம வரைக்கும் இருக்கட்டும்" என்றாள் தனக்கொடி.